வாய்ப்பாட்டும் வாய்ப்பாடும்

செம்பாறைப் பள்ளியில் அன்று காலை ஆறாம் வகுப்புக்குப் பின்னங்கள் ஏற்றினார்கள்.

பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். ஆயா ஒவ்வொருவரின் பிடரியையும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டார். தோலுக்கடியில் கடுகளவு மின்னிய கழுத்துச்சில்லின் மேல் கணக்கு ஆசிரியர் சவரிமுத்து ஒரு சிறு கருவியை வைத்து அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்ததும் எடுத்தார். அவ்வளவுதான். தொகுதி, பகுதி, கலப்புப் பின்னம், தசமம் எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டன. ஒருத்தி மட்டும் வழக்கம்போல் வாந்தி எடுத்தாள். மற்றவர்கள் ஆயா கொடுத்த புளிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டு ஒருவரையொருவர் சீண்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். பெற்றோர்கள் தங்கள் காலத்தில் அழுது புரண்டு ஒரு வருடம் படித்ததை, பிள்ளைகள் ஒரு மிட்டாய் கரைவதற்குள் முடித்துவிட்டார்கள்.

மணி அடித்தது. அடுத்த பிரிவேளை பாட்டு. சிரிப்பு சட்டென்று நின்றது. ஒரு பையன் மிட்டாயைத் துப்பிவிட்டு வெந்நீர்க் குப்பியைத் திறந்து தொண்டையை நனைத்துக்கொண்டான். இன்னொருவன் கழுத்தில் சுற்றியிருந்த கம்பளித் துணியை இறுக்கிக் கட்டினான். வாந்தி எடுத்த பெண், பாட்டு வகுப்புக்குப் போகாமலிருக்க இந்த வாந்தி போதுமா என்று ஆயாவிடம் கேட்டாள். போதாது என்றார் ஆயா.

செம்பாறை என்பது செவ்வாய்க் கோளில், கவிழ்த்த கிண்ணம் போன்ற ஒரு கண்ணாடிக் கவிகைக்குள் அடங்கிய ஊர். பனிக்கட்டி வெட்டுகிறவர்களும் காற்றாலையில் மூச்சுக்காற்று பிரிக்கிறவர்களுமே அங்கே பெரும்பாலும் இருந்தார்கள். பிறக்கும் பிள்ளைகளுக்கு, அந்தக் கோளில் யாரும் கண்ணால் பார்த்திராத செடிகளின் பெயரை வைப்பது அந்தத் தலைமுறையின் வழக்கம். ஆறாம் வகுப்பில் ஒரு நொச்சி இருந்தான். ஒரு வாகை, ஒரு தும்பை, இரண்டு குறிஞ்சிகள் இருந்தார்கள். இவர்களைப் பெற்றவர்கள் எல்லாருக்கும் கனவு ஒன்றுதான். பிள்ளை புவித்தேர்வில் தேற வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை கிளம்பும் கலத்தில் இடம் பிடித்துப் பூமிக்குப் போய்ப் படிக்க வேண்டும். திரும்பி வராமல் அங்கேயே வேலை பார்க்க வேண்டும். கலத்தில் இடம் கொஞ்சம். பிள்ளைகள் நிறைய.

பாட்டு ஆசிரியை மரகதவல்லி அந்தப் பள்ளியில் சேர்ந்தபோது கழுத்துச்சில்லு வந்திருக்கவில்லை. கணக்கையும் அறிவியலையும் பிள்ளைகள் உட்கார்ந்து படித்தார்கள். புவித்தேர்வும் அவற்றில்தான் நடந்தது. கால அட்டவணையில் பாட்டு என்று வாரத்துக்கு இரண்டு கட்டங்கள் இருக்கும். அந்த நேரம் பார்த்துச் சவரிமுத்து வாசலில் வந்து நிற்பார்.

“டீச்சர், போர்ஷன் முடியலை. இன்னைக்கு ஒரு நாள் மட்டும் உங்க பீரியடைக் குடுத்துடுங்க.”

அந்த ஒரு நாள் வருடம் முழுக்க வந்துகொண்டிருந்தது. மரகதவல்லி சுருதிப்பெட்டியை மூடிக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போவார். அங்கேயும் அவரைச் சும்மா இருக்க யாரும் விட்டதில்லை. எந்த ஆசிரியர் விடுப்பு எடுத்தாலும் அந்த வகுப்பைக் காவல் காப்பது அவர்தான். ஆண்டு விழாவுக்கு உடை தைத்து வாங்குவது அவர். அதிகாரிகள் வரும்போது பூத்தட்டோடு நிற்கும் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்துவதும் அவரே. பாட்டுக்கென்று தனி அறை கிடையாது. மாடிப்படிக்குக் கீழே, தலை இடிக்காமல் உட்கார்ந்தால், இருபது பிள்ளைகளுக்கு இடம் உண்டு. ஒவ்வொரு ஆசிரியர் கூட்டத்திலும் அவர் எழுந்து ஒரே விஷயத்தைச் சொல்லுவார். பாட்டுக்கும் மதிப்பெண் வேண்டும், தேர்வு வேண்டும், அப்போதுதான் இதையும் ஒரு பாடம் என்று மதிப்பார்கள். தலைமை ஆசிரியர் ஹபீபுல்லா ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டிவிட்டு, தேநீர் ஆறிவிடும் என்று கூட்டத்தை முடிப்பார்.

தப்பிக் கிடைத்த வகுப்புகளில் மரகதவல்லி ஒரு பழக்கம் வைத்திருந்தார். பாடம் முடிந்து மணி அடிக்கச் சற்று முன்னால் சுருதிப்பெட்டியை நிறுத்திவிடுவார். அதற்குப் பிறகு யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் பாடலாம். மற்றவர்கள் கேலி செய்யக்கூடாது. அவரும் திருத்தமாட்டார். பிள்ளைகள் அதற்குச் ‘சும்மாப்பாட்டு’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

சும்மாப்பாட்டில் முதலில் எழுந்து நிற்பது தும்பை. பனிக்கட்டி வெட்டும் தொழிலாளியின் மகள். அப்பாவின் கனத்த குரல் அவளுக்கு அப்படியே வந்திருந்தது. சுருதி மட்டும் வரவில்லை. தொடங்கிய இடம் ஒன்று, போய் நிற்கும் இடம் வேறு. அவள் பாடிய எதுவும் யாரும் கேட்டிருந்த பாட்டு அல்ல. காற்றாலையின் சங்கு ஏன் மதியம் மட்டும் இருமுகிறது என்று ஒரு பாட்டு. ஆயாவின் இரண்டு செருப்புகளும் பேசிக்கொள்வதாக ஒரு பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு, கையை வீசி, கவிகை அதிரப் பாடுவாள். மற்றப் பிள்ளைகள் பின்பாட்டுப் பாடுவார்கள். மரகதவல்லி படிக்கட்டில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சம்பளத்துக்கு வேலை பார்க்கிறோம் என்பது அவருக்கு மறந்து போகும் நேரம் அது ஒன்றுதான்.

பிறகு கழுத்துச்சில்லு வந்தது. முதல் வருடம் ஊரே கொண்டாடியது. புவித்தேர்வு எழுதிய எல்லாப் பிள்ளைகளும் எல்லாப் பாடங்களிலும் முழு மதிப்பெண் வாங்கினார்கள். மறுநாள்தான் சிக்கல் புரிந்தது. எல்லாரும் முதலிடம் என்றால் கலத்தில் யாரை ஏற்றுவது?

தேர்வுகளை நடத்தும் ஆயம் குழம்பிப் போனது. சில்லால் கற்றுத்தர முடியாத பாடம் எது என்று ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் ஆசிரியர்களை அழைத்துக் கேட்டது. மொழி ஏறிவிட்டது, வரலாறு ஏறிவிட்டது, ஓவியம்கூடப் பாதி ஏறிவிட்டது. மரகதவல்லியின் முறை வந்தபோது அவர் எழுந்து நின்று, இத்தனை வருடம் ஆசிரியர் கூட்டங்களில் பேசியதற்கெல்லாம் சேர்த்துப் பேசினார்.

“சில்லுக்குச் சுருதி தெரியும். தொண்டைக்குத் தெரியாது. அதைப் பாடிப் பாடித்தான் பழக்கணும். வாய்ப்பாட்டை யாராலயும் ஏத்த முடியாதுங்க.”

ஆய உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நவநீதம் என்ற மூத்த பெண் உறுப்பினர், அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு முறை சொல்லும்படி கேட்டுக்கொண்டார். மரகதவல்லி பெருமையோடு சொன்னார்.

அடுத்த கல்வியாண்டிலிருந்து புவித்தேர்வு என்றால் பாட்டு என்று ஆனது.

மாடிப்படிக்குக் கீழிருந்த வகுப்பு, ஓசை எதிரொலிக்காத தளம் போட்ட பெரிய அறைக்கு மாறியது. வாரத்துக்கு இரண்டாக இருந்த பிரிவேளை ஒரு நாளைக்கு மூன்றானது. ஆசிரியர் அறையில் மரகதவல்லி உள்ளே வந்தால் எழுந்து இடம் கொடுத்தார்கள். பெற்றோர்கள் அவரைத் தெருவில் பார்த்தால் கைகூப்பினார்கள். முதல் சில மாதங்கள் அவர் காற்றில் நடந்தார் என்றே சொல்ல வேண்டும்.

அறையின் நடுவில் சுருதிமானி என்ற கருவியை வைத்தார்கள். பாடும் குரல் சுருதியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அது மயிரிழை அளவில் கணக்கிட்டு, உடனே எதிர்ச்சுவரில் சிவப்பு எண்ணாகக் காட்டும். பிள்ளைகள் சுவரைப் பார்த்தே பாடப் பழகினார்கள். பாட்டின் சொல் என்ன, பொருள் என்ன என்று கேட்பதை விட்டார்கள். எந்த அடியில் எத்தனை மதிப்பெண் போகும் என்று கேட்டார்கள். தெருவுக்குத் தெரு தனிப்பயிற்சி நிலையங்கள் வந்தன. பிள்ளைகள் விளையாட்டுத் திடலில் கத்தக்கூடாது, குளிர்ந்த எதையும் குடிக்கக்கூடாது, அழுதால்கூடச் சத்தமில்லாமல் அழ வேண்டும் என்று வீடுகளில் சட்டம் வந்தது. குரல் உடையும் வயதுப் பையன்களை வைத்திருந்த தாய்மார்கள் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தார்கள்.

ஒரு நாள் ஹபீபுல்லா மரகதவல்லியை அழைத்து, வகுப்பின் கடைசியில் பிள்ளைகளைச் சும்மா பாட விடுவதாகப் பெற்றோர்கள் சொல்கிறார்களே, அந்த நேரத்தில் இன்னொரு மாதிரித் தேர்வு வைக்கலாமே என்றார். மரகதவல்லி யோசிப்பதற்கு அவகாசம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவருக்கும் அது வீண் நேரமாகத்தான் பட ஆரம்பித்திருந்தது. சும்மாப்பாட்டு நின்றுபோனது. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, தும்பையைத் தவிர. அவளிடம், தேர்வு முடியட்டும் பார்க்கலாம் என்று சொன்னார்.

அதற்கடுத்து வந்ததுதான் கூட்டுப்பாட்டு ஆய்வு. ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு வகுப்பு முழுவதும் சேர்ந்து பாட வேண்டும். அதில் வரும் மதிப்பெண்ணைக் கொண்டு பள்ளியைத் தரவரிசைப்படுத்துவார்கள். ஆறாம் வகுப்பைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒத்திகையின்போது சுவரில் சிவப்பு எண் ஏறிக்கொண்டே போனது. மரகதவல்லி ஒவ்வொரு வரிசையாகப் பாடச் சொல்லிப் பார்த்தார். பார்க்கத் தேவையே இல்லை. யார் என்று அவருக்கு முதலிலேயே தெரியும்.

தும்பையைத் தனியாக ஜன்னலோரம் அழைத்தார். தோளில் கை போட்டுக்கொண்டு, மெதுவாகத்தான் சொன்னார்.

“நீ பாட வேணாம்டா. வாயை மட்டும் அசை. பாடுற மாதிரியே இருக்கணும். ஆய்வு அன்னைக்கு மட்டும்தான்.”

தும்பை அவரை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமோ அழுகையோ இல்லை. ஏதோ ஒரு கணக்கு தலைக்குள் ஏறுவதற்காகக் காத்திருப்பவளைப் போல நின்றாள். பிறகு, “சரி டீச்சர்” என்றாள்.

ஆய்வு நாளில் அவள் மிக நன்றாக வாயசைத்தாள். எங்கே மூச்சு வாங்க வேண்டுமோ அங்கே மூச்சு வாங்கினாள். கண்ணை மூடினாள். கையைக்கூட வீசினாள். ஓசை மட்டும் வரவில்லை. செம்பாறைப் பள்ளி முதலிடம் பெற்றது. மரகதவல்லிக்கு மாலை போட்டார்கள். மறுநாள் வகுப்பில் அவர் தும்பையிடம், இனி நீ பாடலாம் என்றார். தும்பை தலையாட்டினாள், வாயசைத்தாள். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். திட்டிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் அவள் சரி என்றாள். குரல் மட்டும் வரவில்லை. மரகதவல்லிக்கு மாடிப்படிக்குக் கீழே சாய்ந்து கேட்ட குரல் அவ்வப்போது நினைவுக்கு வந்து போகும். ஆனால் நொச்சியின் மேல் ஸ்தாயியை யார் சரி செய்வது? குறிஞ்சிகளில் ஒருத்திக்கு மூக்கடைப்பு. வேலை தலைக்கு மேல் இருந்தது.

ஒரு நாளைக்கு மூன்று பிரிவேளையும் போதவில்லை. புவித்தேர்வு நெருங்கியபோது மரகதவல்லி ஒரு நாள் கணக்கு வகுப்பின் வாசலில் போய் நின்றார்.

சட்டப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஆசிரியர் இருக்க வேண்டும், வாரத்துக்கு இரண்டு பிரிவேளையாவது நடக்க வேண்டும். அதனால் பாடம் ஏற்றி முடித்த பிறகும் சவரிமுத்துவுக்குச் சம்பளமும், என்ன செய்வதென்று தெரியாத இரண்டு பிரிவேளைகளும் இருந்தன. மரகதவல்லி தயங்கி நின்றதைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்துவிட்டார்.

“போர்ஷன் முடியலை சார்” என்றார் மரகதவல்லி.

சவரிமுத்து வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சிரிப்பார் என்றுதான் மரகதவல்லி நினைத்திருந்தார். அவர் கதவை அகலத் திறந்து, “எடுத்துக்குங்க டீச்சர். நான் உங்ககிட்ட வாங்கினதுக்கு இதெல்லாம் ஈடாகுமா?” என்றார். உள்ளே பிள்ளைகளின் முகங்கள் ஒரே நேரத்தில் வாடியதை மரகதவல்லி கவனித்தார். கணக்கு வகுப்பு போவதற்கு ஏன் வாடுகிறார்கள் என்று அவருக்குப் புரியவில்லை. ஆராய நேரமும் இல்லை. அந்த மாதம் முழுவதும் கணக்குப் பிரிவேளைகளை வாங்கிக்கொண்டார்.

தேர்வுக்குச் சில நாட்கள் இருந்தபோது, இடைவேளை முடிந்து மணி அடிக்கும் முன்பே கணக்கு அறைக்குப் போய்விட்டார். கதவுக்கு வெளியே நின்றுவிட்டார்.

உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள்.

அது எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லாத பாட்டு. ஏழாம் வாய்ப்பாடு. ஏழொன்று ஏழு என்று ஒரு கூட்டம் எடுக்க, ஈரேழு பதினான்கு என்று இன்னொரு கூட்டம் மேசையைத் தட்டி வாங்கியது. மூவேழில் யாரோ வேண்டுமென்றே தப்பாகச் சொல்ல, எல்லாரும் ஓவென்று கத்தி மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள். சுருதி நான்கு திசையிலும் ஓடியது. அந்தக் குரல்களுக்கெல்லாம் மேலே, தொடங்கிய இடத்தில் நிற்காத ஒரு கனத்த குரல் கேட்டது. மரகதவல்லி கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே நின்றார். மணி அடித்தது. அவர் உள்ளே போகவில்லை. தன் அறைக்கும் போகவில்லை. நடைபாதையின் கோடியில் இருந்த முகம் கழுவும் தொட்டியருகே போய், கையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பிறகு சவரிமுத்துவே சொன்னார். ஒரு நாள் வாகை வந்து, ஏழெட்டு ஐம்பத்தாறு என்று தெரிகிறது, ஏன் ஐம்பத்தாறு என்று தெரியவில்லையே என்று கேட்டாளாம். அவருக்கும் வேறு வேலை இல்லை. பட்டறையிலிருந்து பழைய திருகாணிகளைக் கொண்டுவந்து மேசையில் ஏழு ஏழாக அடுக்கிக் காட்டினாராம். பிள்ளைகள் எண்ணினார்கள். எண்ணிக்கை சத்தமானது, சத்தம் தாளமானது, தாளத்துக்கு மெட்டு தானாக வந்து சேர்ந்தது. மதிப்பெண் இல்லாத பாடம் என்பதால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

“அந்தப் பொண்ணு தும்பைதான் டீச்சர் மெட்டுக் கட்டுறது. நீங்க நல்லாப் பழக்கியிருக்கீங்க” என்றார் அவர், உண்மையாகவே.

மறுவாரம் மரகதவல்லி பிரிவேளையைக் கேட்கப் போகவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு கணக்கு வகுப்பின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். அவரைப் பார்த்ததும் தும்பையின் குரல் நின்று, உதடுகள் மட்டும் அசைந்தன. பிரிவேளை முடிந்ததும் மரகதவல்லி அவளருகே போனார். மன்னிப்பு என்ற சொல் ஆசிரியர்கள் வாயில் எளிதில் வராது. அன்றைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக்கூடாது என்றார்.

“பரவாயில்ல டீச்சர்” என்றாள் தும்பை. கொஞ்சம் யோசித்துவிட்டு, “நல்லா அசைச்சேன்ல?” என்று கேட்டாள்.

அவள் அவர் முன்னால் மறுபடி பாடப் பல வாரங்கள் ஆயின. முதலில் முணுமுணுத்தாள், பிறகு மேசையில் தாளம் போட்டாள். ஒன்பதாம் வாய்ப்பாடு வந்தபோது தன்னை மறந்து கவிகை அதிரப் பாடினாள். மரகதவல்லி மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து பின்பாட்டுப் பாடினார். தன் அறையில் நாளெல்லாம் சிவப்பு எண்களோடு மல்லாடிவிட்டு, வாரத்துக்கு இரண்டு முறை அந்தக் கடைசி பெஞ்சுக்கு வந்து மூச்சுவிட்டுப் போவது அவருக்கு வழக்கமாயிற்று.

பிள்ளைகள் ஏழாம் வகுப்புக்கு வந்த வருடம் தொண்டைவளையம் கண்டுபிடிக்கப்பட்டது. குரல்வளைக்குள் பொருத்தும் மெல்லிய வளையம். சில்லு சொல்லும் சுருதிக்கு ஏற்றபடி அது குரல்நாணை இறுக்கும், தளர்த்தும். அந்த வருடப் புவித்தேர்வில் எல்லாப் பிள்ளைகளும் மயிரிழை பிசகாமல் பாடினார்கள். எல்லாருக்கும் முழு மதிப்பெண். பெற்றோர்கள் ஒரு நாள் கொண்டாடினார்கள். மறுநாள் ஆயம் மறுபடி கூடியது.

நவநீதம் இந்த முறை ஆசிரியர்களை அழைக்கவில்லை. தானே பள்ளிகளுக்கு வந்தார். மரகதவல்லியை மறக்காமல் பார்த்து நலம் விசாரித்தார்.

“உங்க பாட்டும் ஏறிடுச்சு டீச்சர். வருத்தப்படாதீங்க. எதைச் சொல்லிக் குடுத்தாலும் ஒரு நாள் ஏறிடும். அதனால இந்தத் தடவை சொல்லிக் குடுக்காததைத் தேடுறோம். பிள்ளைங்க தானா, ஆசையா எதைச் செய்றாங்களோ அதைத் தேர்வா வெச்சிரலாம்னு ஆயம் நினைக்குது.”

வடக்குக் கவிகையில் ஒரு பள்ளியில், பிள்ளைகள் இடைவேளையில் சுவரில் விரல் நிழல் காட்டி விளையாடுவதைக் கண்டுபிடித்துவிட்டார்களாம். நிழலை அளக்கும் கருவி தயாராகிறதாம். தனிப்பயிற்சி நிலையங்கள் இப்போதே நிழல் வகுப்புத் தொடங்கிவிட்டன என்று சொல்லி அவர் திருப்தியாகச் சிரித்தார். ஆனால் நிழல் மட்டும் போதாது. இன்னும் இரண்டு மூன்று வேண்டும். இந்தப் பள்ளியில் அப்படி ஏதாவது உண்டா என்று கேட்டார்.

இல்லை என்றார் மரகதவல்லி. நவநீதம் நம்பியதாகத் தெரியவில்லை. எதற்கும் எல்லா வகுப்புகளையும் ஒரு சுற்றுப் பார்த்துவிடுவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்தார். அவர் அறிவியல் அறைக்குள் நுழைந்த இடைவெளியில் மரகதவல்லி தன் வயதை மறந்து கணக்கு அறைக்கு ஓடினார்.

உள்ளே எட்டாம் வாய்ப்பாடு உச்சத்தில் இருந்தது. அவர் கதவைச் சாத்திவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டே சவரிமுத்துவிடம் விஷயத்தைச் சொன்னார். சவரிமுத்துவுக்கு முதலில் முகம் மலர்ந்தது. கணக்கை மறுபடி மதிப்பார்களே என்றார். மரகதவல்லி பாட்டு அறை இருந்த பக்கம் கையைக் காட்டினார். அங்கே நடந்ததையெல்லாம் அவரும் கூட இருந்து பார்த்தவர்தானே. சவரிமுத்துவின் முகம் மெல்ல மாறியது. திருகாணிகளை அள்ளி இழுப்பறைக்குள் போட்டார்.

மரகதவல்லி பிள்ளைகள் பக்கம் திரும்பினார். இந்த வேலையை இரண்டாவது முறையாகச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. வேறு வழியும் தோன்றவில்லை.

“ஒரு அம்மா வருவாங்க. அவங்க போற வரைக்கும் யாருக்கும் இங்க எதுவும் பிடிக்காத மாதிரி உட்காரணும். சிரிக்கக்கூடாது. முடியுமா?”

பிள்ளைகளுக்கு அது புது விளையாட்டாக இருந்தது. வாகை கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். நொச்சி கண்ணில் நீர் வரக் கொட்டாவி விட்டான். தும்பை ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்தாள். சவரிமுத்து பலகைப் பக்கம் திரும்பி நின்று, தசமப் புள்ளியைப் பற்றி ஏற்ற இறக்கமில்லாத குரலில் பேசத் தொடங்கினார். நவநீதம் வந்தார், சற்று நேரம் நின்றார், அவருக்கே கொட்டாவி வந்தது, போய்விட்டார். கதவு சாத்தியதும் அறை வெடித்துச் சிரித்தது. அன்று வாய்ப்பாடு பதினாறு வரை போனது.

ஆனால் ஆயம் ஒரு முறையோடு விடவில்லை. சொல்லாமல் வந்தார்கள். ஒரு நாள் துப்புரவுப் பணியாளர் உடையில் வந்தார்கள். நடைபாதையில் கண்காணிப்புக் கருவிகளைப் பொருத்தினார்கள். தெற்குக் கவிகையில் பிள்ளைகள் விசிலடிப்பது பிடிபட்டது. கிழக்கில் ஒரு சிறுமி பொய்க்கதை சொல்வது பிடிபட்டு, பொய்க்கதைக்குப் பாடத்திட்டம் வந்துவிட்டது. செம்பாறையில் இரு ஆசிரியர்களும் எச்சரிக்கையானார்கள். பாட்டைத் தணித்துப் பாடச் சொன்னார்கள். பிறகு மேசையைத் தட்டாமல் விரலால் மட்டும் தாளம் போடச் சொன்னார்கள். பிள்ளைகள் சலித்த முகத்தை அடிக்கடி பழகிப் பார்த்துக்கொண்டார்கள். யார் முகம் சரியில்லையோ அவர்களை மரகதவல்லி தனியாக அழைத்துத் திருத்தினார். அதில் அவருக்கு நல்ல தேர்ச்சி இருந்தது. கொஞ்ச நாளில் வாசலில் நிழல் ஆடினாலே போதும், வகுப்பு முழுவதும் ஒரே கணத்தில் வாடிவிடும். பாடிய நேரத்தை விட வாடியிருந்த நேரம் கூடுதலாயிற்று. பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறோம் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

பருவம் முடியும் தறுவாயில் நவநீதம் கடைசி முறையாக வந்தார். வகுப்பின் நடுவே நடந்து ஒவ்வொரு முகமாகக் குனிந்து பார்த்தார். பிறகு மரகதவல்லியைப் பார்த்து வருத்தத்தோடு தலையை ஆட்டினார். இந்தப் பிள்ளைகளுக்கு எதிலுமே ஆசை இல்லை, இங்கே இனி வருவதில் பயனில்லை, இந்தப் பள்ளியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுகிறோம் என்றார். கண்காணிப்புக் கருவிகளையும் கழற்றச் சொல்லிவிட்டுப் போனார்.

காலடி ஓசை தேய்ந்து மறையும் வரை சவரிமுத்து காத்திருந்தார். பிறகு பலகையிலிருந்து திரும்பி, “போய்ட்டாங்க. இனிமே வர மாட்டாங்க” என்றார். இழுப்பறையைத் திறந்து திருகாணிகளை மேசையில் கொட்டினார். உள்ளங்கையால் மேசையைத் தட்டித் தாளம் எடுத்தார். ஏழொன்று ஏழு.

யாரும் வாங்கவில்லை. வாகையின் கன்னத்திலிருந்து கை இறங்கவில்லை. நொச்சி கொட்டாவி விட்டான். நிஜமான கொட்டாவி.

இன்னொரு முறை எடுத்தார். கடைசி பெஞ்சிலிருந்து மரகதவல்லி எழுந்து, ஈரேழு பதினான்கு என்று உரக்கப் பாடினார். அவர் குரல் சுருதியை விட்டு எங்கோ போனது. அதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. இரு ஆசிரியர்களும் மாறி மாறி மூவேழும் நாலேழும் பாடினார்கள். பிள்ளைகள் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

தும்பை கையை உயர்த்தினாள். மரகதவல்லி பாட்டை நிறுத்திவிட்டு, ஆவலோடு அவளருகே போய்க் குனிந்தார்.

“டீச்சர், பீரியட் முடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?”